எழுதப்படாத பாடவிதானம்: ஓட்டிசமுடைய மாணவரின் பல்கலைக்கழகத் தன்வரலாறுகள் – ஒரு விமர்சன நோக்கு

1

தன்வரலாறு என்னும் இலக்கிய வடிவம் வளம் பெறுவதற்கு இரண்டு நிபந்தனைகள் இன்றியமையாதன. கூறத்தக்க அனுபவம் ஒருவரிடத்தில் இருத்தல் வேண்டும் என்பது ஒன்று. அவ்வனுபவத்தைக் கூறும் தகுதி அவருக்கு உண்டெனச் சமூகம் ஏற்றுக்கொண்டிருத்தல் வேண்டும் என்பது மற்றொன்று. முதலாவது நிபந்தனை எக்காலத்திலும் எல்லா மாந்தரிடத்தும் நிறைவேறியே இருந்தது. இரண்டாவதோ தாமதமாகவும் போராட்டத்தினூடாகவுமே பலருக்குக் கிட்டிற்று. அடிமைகளாயிருந்தோர், பெண்கள், தொழிலாளர், தாழ்த்தப்பட்ட சாதியினர் ஆகியோர் தம் வாழ்வைத் தாமே எழுதத் தொடங்கிய காலங்கள் இலக்கிய வரலாற்றிலே தனித்துக் குறிக்கப்படுவதற்குக் காரணம் இதுவே. இருபதாம் நூற்றாண்டின் கடைக்கூற்றிலே இவ்வரிசையிற் சேர்ந்தோர் ஓட்டிசமுடையோர் ஆவர். அவர்கள் எழுதிய தன்வரலாறுகளிற் பல்கலைக்கழக வாழ்வு பெறும் இடத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

'ஓட்டிசம்' என்ற சொல் 'தான்' எனப் பொருள்படும் கிரேக்க அடியினின்றும் பிறந்தது. தமிழிலே இதனை 'மன இறுக்கம்' என வழங்குவோர் உளர். இறுக்கம் என்பது வெளியே நின்று பார்ப்பவரின் கணிப்பேயாகும்; உள்ளிருப்பவரின் அனுபவம் அதுவெனக் கொள்வதற்கில்லை. ஆதலின் இங்கு பிறமொழிச் சொல்லே கையாளப்படுகின்றது. அமெரிக்காவின் பால்ற்றிமோர் நகரிலே லியோ கனர் என்னும் உளமருத்துவர் 11 குழந்தைகளை அவதானித்து 1943ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையும், அதற்கடுத்த ஆண்டு வியன்னாவில் ஹான்ஸ் அஸ்பேர்கர் வெளியிட்ட ஆய்வும் இந்நிலையை மருத்துவ உலகுக்கு அறிமுகஞ் செய்தன. ஜேர்மன் மொழியிலமைந்த அஸ்பேர்கரின் ஆய்வு 1981இல் லோர்ணா விங் எழுதிய கட்டுரையின் பின்னரே ஆங்கிலம் வழங்கும் நாடுகளிற் பரவலான கவனத்தைப் பெற்றது. இவ்வெழுத்துக்களில் எல்லாம் பேசப்பட்டோர் பெரும்பாலும் குழந்தைகள், பேசியோர் மருத்துவர். 1967இல் புரூணோ பெற்றல்ஹைம் தாம் எழுதிய நூலுக்கு 'வெறுமையான கோட்டை' எனப் பொருள்படும் தலைப்பினை இட்டார். பெற்றோரின், சிறப்பாகத் தாயின், அன்பின்மையே ஓட்டிசத்துக்குக் காரணம் என்ற அவரது கொள்கை பின்னர் ஆதாரமற்றதெனக் கைவிடப்பட்டது. எனினும் அத்தலைப்பு உணர்த்திய படிமம் நெடுநாள் நிலைத்தது. கோட்டைக்குள்ளே எவரும் இலர் என்பதே அதன் உட்கிடை. உள்ளே எவரும் இல்லையெனின் உள்ளிருந்து ஒரு நூல் எழுவது எங்ஙனம்?

இக்கேள்வி வெறும் தர்க்கத்துக்காக எழுப்பப்படுவதன்று. ரெம்பிள் கிராண்டின் என்னும் அமெரிக்கப் பெண்மணி, மார்கரட் ஸ்கரியானோ என்பவருடன் இணைந்து எழுதிய 'எமேர்ஜன்ஸ்' (வெளிப்படுகை) என்னும் நூல் 1986இல் வெளிவந்தபோது, நரம்பியல் மருத்துவரும் எழுத்தாளருமான ஒலிவர் சக்ஸ் அதனை ஐயத்துடனேயே வாசித்தார். ஓட்டிசமுடையவர் தன்னை உள்நோக்கி எழுதுதல் இயலாது என்பதே அக்காலத்து அறிவுலகின் கொள்கையாயிருந்தது. எனவே நூலின் உண்மையான ஆசிரியர் உடன் எழுதியவராக இருத்தல் கூடுமென அவர் எண்ணினார். கிராண்டின் தனியே எழுதிய ஆய்வுக்கட்டுரைகளைப் படித்த பின்னரே அவரது ஐயம் நீங்கியது. இதனை அவரே பின்னர் எழுதியுள்ளார். அனுதாபமும் புலமையும் மிக்க ஒரு வாசகரே இவ்வாறு எண்ணினாரெனின், இவ்வெழுத்தாளர் பேசத் தொடங்குமுன் கடக்க வேண்டியிருந்த தடை எத்தகையது என்பது புலனாகும்.

2

ஓட்டிசமுடைய மாந்தரைப் பொதுமக்கள் பெரிதும் அறிந்துகொண்டது புனைகதை வாயிலாகவும் திரைப்படம் வாயிலாகவுமே ஆகும். 1988இல் வெளிவந்த 'ரெயின் மான்' என்னும் திரைப்படத்தில், எண்களை வியக்கத்தக்க வகையிற் கணிக்கும் ஆற்றலுடைய தமையன் முடிவிலே தான் முன்பிருந்த பராமரிப்பு நிலையத்துக்கே திரும்புகின்றான். மார்க் ஹடன் 2003இல் வெளியிட்ட நாவலின் நாயகனான கிறிஸ்ரோபர் 15 வயதுச் சிறுவன். இறந்து கிடந்த நாயொன்றின் மர்மத்தைத் துலக்கப் புறப்பட்டு, தன் குடும்பத்தின் மர்மத்தைக் கண்டறியும் அவன், இறுதியிலே கணித உயர்தரப் பரீட்சையில் அதிவிசேட சித்தி எய்துகின்றான். பல்கலைக்கழகஞ் செல்லலாம், விஞ்ஞானியாகலாம் என்ற நம்பிக்கையுடன் நாவல் முற்றுப்பெறுகின்றது.

இவ்விரு முடிவுகளும் ஒப்புநோக்கத் தக்கவை. முன்னது அடைத்துவைக்கும் நிலையத்தின் வாயிலில் முடிகின்றது. பின்னது பல்கலைக்கழகத்தின் வாயிலில் முடிகின்றது. பதினைந்து ஆண்டுகளிற் சமூகத்தின் எதிர்பார்ப்பு எவ்வளவு மாறியுள்ளது என்பதற்கு இது சான்றாகும். ஆயினும் ஹடனின் நாவல் அவ்வாயிலைத் தாண்டிச் செல்லவில்லை. பரீட்சையிற் சித்தியடைந்தவன் விரிவுரை மண்டபத்திலே எங்கு அமர்வான், விடுதியிலே எவ்வாறு உறங்குவான், சிற்றுண்டிச்சாலையின் இரைச்சலை எங்ஙனம் பொறுப்பான் என்ற வினாக்கள் அதன் எல்லைக்கு அப்பாற்பட்டவை. புனைகதை நிறுத்திக்கொண்ட அந்த இடத்திலிருந்துதான் தன்வரலாறுகள் தொடங்குகின்றன. அவை கூறும் செய்தி வியப்புக்குரியது: இம்மாணவரிற் பலருக்குப் பாடங்கள் கடினமாயிருக்கவில்லை. பாடங்களைச் சுற்றியிருந்தவையே கடினமாயிருந்தன.

பல்கலைக்கழகம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு பாடவிதானங்கள் உள்ளன எனலாம். ஒன்று அச்சிடப்பட்டு மாணவர் கையிற் கொடுக்கப்படுவது. மற்றையது எவராலும் எழுதப்படாதது. விரிவுரையாளரை எப்பொழுது அணுகலாம், கருத்தரங்கிலே பிறர் பேச்சின் எவ்விடத்திற் புகுந்து பேசலாம், குழுவாகச் செய்யும் ஒப்படையில் யார் எதனைச் செய்வதென்பது எவ்வாறு தீர்மானமாகிறது, 'விரும்பினால் வாசிக்கலாம்' என்று கூறப்பட்ட நூல் உண்மையில் விருப்பத்துக்குரியதா, கட்டாயமானதா என்பன போன்றவை இரண்டாவது பாடவிதானத்தைச் சார்ந்தவை. பெரும்பான்மை மாணவர் இவற்றைக் கற்கிறோம் என்ற உணர்வின்றியே கற்றுக்கொள்வர். ஆகவே இப்படியொரு பாடவிதானம் இருப்பதே அவர்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை. அதனைத் தானாகக் கற்க இயலாதவருக்கே அது முழுமையாகத் தெரிகின்றது. இந்நூல்களைப் பல்கலைக்கழகத்தைப் பற்றிய விமர்சனங்களாகவும் வாசித்தல் வேண்டும் என்று கூறுவதற்கு இதுவே அடிப்படை.

3

கிராண்டின் 1947இற் பிறந்தவர். அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்திலுள்ள றின்ட்ஜ் என்னும் சிற்றூரில், தனியார் விடுதிப் பாடசாலையொன்றிற் கல்வி கற்றார். 1970இல் உளவியலில் இளமாணிப் பட்டம் பெற்ற பிராங்ளின் பியர்ஸ் கல்லூரியும் அதே ஊரில் அமைந்ததே. 1962இலேதான் நிறுவப்பட்ட அக்கல்லூரி அவர் கற்ற காலத்திற் சிறியதாயிருந்தது. பழகிய ஊர், சிறிய நிறுவனம், பாடசாலைக் காலத்து விஞ்ஞான ஆசிரியரின் தொடர்ந்த துணை ஆகியன அவரது முன்னேற்றத்தில் வகித்த பங்கினை நூலை வாசிப்போர் பலர் கவனிப்பதில்லை. தனியொருவரின் விடாமுயற்சியாக அது வாசிக்கப்படுகின்றது. ஆனால் நூலின் விவரங்களோ சூழலின் அமைதியை வலியுறுத்துகின்றன. அட்சரகணிதம் அவருக்கு வசப்படாதபோது தனியே கற்பித்தோர் இருந்தனர் என்பதும் அவ்விவரங்களுள் ஒன்று.

கிராண்டினின் கல்லூரி வாழ்விலே இருவகை நிகழ்ச்சிகள் விமர்சன நோக்கில் முக்கியமானவை. முதலாவது கதவுகளைப் பற்றியது. படங்களாகவே சிந்திக்கும் இயல்புடைய அவருக்கு 'எதிர்காலம்', 'பட்டம் பெறுதல்' போன்ற அருவக் கருத்துக்கள் வெறுஞ் சொற்களாக நின்றன. விடுதியின் தட்டைக் கூரைக்குச் செல்லும் சிறு கதவொன்றைக் கண்டறிந்து, அதனூடாகச் சென்று வருவதன் மூலம் கல்லூரியைவிட்டு நீங்கும் நிலையைத் தமக்குத் தாமே பழக்கிக்கொண்டார். கதவு என்னும் குறியீடு இலக்கியத்துக்குப் பழையதே. ஆயின் கவிஞனுக்கு அது கருத்தினை அணிசெய்யும் கருவி. கிராண்டினுக்கோ அக்கருத்தை எட்டுவதற்கே அதுவன்றி வேறு வழியிருக்கவில்லை. அவரது உரைநடையின் வலிமை இதனின்றும் பிறக்கின்றது. அலங்காரம் எதுவுமின்றி, பொருள்களை ஒன்றன்பின் ஒன்றாக வைத்துச் செல்லும் அந்நடையைச் சில வாசகர் வறட்சியென்பர். அவ்வறட்சியே அவர் கூறுவதன் நம்பகத்தன்மைக்கு உறுதி தருகின்றது.

இரண்டாவது, அவர் அமைத்துக்கொண்ட அழுத்தப் பொறியைப் பற்றியது. அரிசோனாவில் உறவினரின் பண்ணையிலே, கால்நடைகளை இருபுறமும் அழுத்திப் பிடிக்கும் கூண்டினுள்ளே அவை அமைதியுறுவதைக் கண்ட அவர், தம் உடலின் பதற்றத்தைத் தணிக்க அதையொத்த பொறியொன்றைச் செய்தார். உளவியல் நிபுணர் சிலர் அதனை நோயின் அறிகுறியாகவே கருதி அகற்ற முயன்றனர். அழுத்தம் ஏன் அமைதி தருகின்றது என்பதை விஞ்ஞான முறைப்படி ஆராயுமாறு அவருடைய ஆசிரியர் தூண்டினார். கிராண்டின் நூலகத்தை நாடினார். ஆய்விதழ்களைத் தேடிப் படித்தார். சக மாணவரைக் கொண்டு பரிசோதனை நடத்தினார். தன்மீது சாட்டப்பட்ட அறிகுறியொன்றையே ஆய்வுப் பொருளாக அவர் மாற்றிக்கொண்டமை பல்கலைக்கழகம் எந்த மொழியை ஏற்கும் என்பதை அவர் அறிந்துகொண்டதைக் காட்டுகின்றது. 'இது எனக்குத் தேவை' என்ற கூற்று அங்கு செல்லுபடியாகவில்லை. அதே கூற்று ஆய்வுக்கட்டுரையின் வடிவத்தில் வந்தபோது செல்லுபடியாயிற்று. பின்னர் அரிசோனா அரச பல்கலைக்கழகத்தில் 1975இல் முதுமாணிப் பட்டமும், இலினோய் பல்கலைக்கழகத்தில் 1989இல் கலாநிதிப் பட்டமும் பெற்றுக் கால்நடை விஞ்ஞானத் துறையிற் பேராசிரியராக உயர்ந்தவரின் கல்விப் பயணம் இங்கேதான் தொடங்குகின்றது.

'எமேர்ஜன்ஸ்' நூலையும் 1995இல் அவர் வெளியிட்ட 'திங்கிங் இன் பிக்சர்ஸ்' (படங்களிற் சிந்தித்தல்) நூலையும் அடுத்தடுத்து வாசிப்பவர் ஒரு மாற்றத்தைக் காண்பர். முதல் நூல், அதன் தலைப்பே உணர்த்துவதுபோல, ஓட்டிசத்தினின்றும் வெளிவந்த ஒருவரின் கதையாக முன்வைக்கப்பட்டது. அதன் முன்னுரையும் குணமடைந்தவர் என்றே அவரை அறிமுகப்படுத்திற்று. இரண்டாவது நூலில் வெளிவருதல் என்ற பேச்சு மறைந்துவிடுகின்றது. தமது சிந்தனை முறை ஓட்டிசத்துடன் பிரிக்கவியலாதவாறு பிணைந்தது என்றும், அது நீங்குவதைத் தாம் விரும்பவில்லை என்றும் அவர் கூறுகின்றார். ஒன்பது ஆண்டுகளில் எழுத்தாளரின் இயல்பு மாறிவிடவில்லை. தன்னைப் பற்றிக் கூறுவதற்குக் கிடைத்த சொற்களே மாறின. இத்தகைய தன்வரலாறுகள் முன்பே இருந்த அனுபவத்தை விவரிப்பதோடு அமையாமல், அவ்வனுபவத்தைப் பேசுவதற்கான மொழியையே உருவாக்குகின்றன என்று கனடிய மெய்யியலாளர் இயன் ஹக்கிங் 2009இல் எழுதிய கருத்துக்கு இது தக்க எடுத்துக்காட்டாகும்.

4

கிராண்டின் சிறுவயதிலேயே நிபுணரால் இனங்காணப்பட்டவர். பல்கலைக்கழகத்தைத் தம் நிலைக்கு ஒரு பெயருமின்றியே கடந்து சென்றவர்களின் எழுத்து வேறொரு தன்மையுடையது. லியான் ஹொலிடே வில்லி என்னும் அமெரிக்கப் பெண்மணி 1999இல் எழுதிய நூலின் தலைப்பு 'இயல்பானவள் போல் நடித்தல்' எனப் பொருள்படும். தம் மகள் அஸ்பேர்கர் நிலையுடையவள் என நிர்ணயிக்கப்பட்ட பின்னரே அவர் தம்மையும் அதே ஒளியில் இனங்கண்டார். எனவே பல்கலைக்கழகத்தைப் பற்றிய அவரது அத்தியாயம் அன்று விளங்காதிருந்தவற்றை இன்று மீள வாசிப்பதாக அமைகின்றது. விவேகமுடைய மாணவி ஆதலின் எல்லாம் தானே சரியாகிவிடும் என்றே அவரைச் சூழ்ந்தோர் நம்பினர். ஆனால் அவர் வளாகத்திலே வழி தவறினார். கட்டடங்களின் அமைப்பும் பாதைகளும் அவர் மனத்திற் பதியவில்லை. சனநெரிசலும் ஓசையும் அவரைத் திணறச் செய்தன. வகுப்புக்களைத் தவறவிட நேர்ந்தது. வெளியிலிருந்து நோக்குவோருக்கு இவையாவும் சோம்பலாகவும் அக்கறையின்மையாகவுமே தோன்றியிருக்கும். அவருக்குமே அவை தம் குணக்குறைபாடாகத் தோன்றின என்பதுதான் நூலின் மிக வருத்தமான பகுதி. பெயரற்ற இடர்ப்பாடு எப்பொழுதும் ஒழுக்கக் குறைவாகவே கணிக்கப்படும் என்பதை இவ்வத்தியாயம் போல் உணர்த்தும் எழுத்துக்கள் சிலவே.

இந்நூலின் அமைப்பும் கவனிக்கத் தக்கது. கதை முடிந்த பின்னர் ஆசிரியர் பின்னிணைப்புக்களாகச் சில அறிவுரைகளைச் சேர்க்கின்றார். அவற்றுள் ஒன்று ஓட்டிசமுடைய கல்லூரி மாணவர் எவ்வாறு சமாளிக்கலாம் என்பது பற்றியது. இலக்கியத் தூய்மை நாடுவோர் இதனை ஒரு குறையெனக் கூறலாம். தன்வரலாறு கைந்நூலாகத் திரிந்துவிடுகின்றது என்பது அவர்களின் வாதமாயிருக்கும். ஆனால் அத்திரிபுக்கான காரணம் நூலுக்கு வெளியே உள்ளது. எழுதப்படாத பாடவிதானத்தை எழுதித் தரவேண்டிய பொறுப்பு நிறுவனத்துக்குரியது. நிறுவனம் அதனைச் செய்யாதவிடத்து, அதனாற் பாதிக்கப்பட்டவரே தம் அனுபவத்தின் இறுதியில் அதனை எழுதிச் சேர்க்க நேர்கின்றது. இங்கே வடிவத்தின் ஒழுங்கின்மை ஒரு சமூகக் குறையின் சுவடாக நிற்கின்றது.

நடித்தல் என்ற சொல் குறிக்கும் அனுபவத்தை அதன் எல்லைவரை கொண்டுசென்றவர் அவுஸ்திரேலியரான டொனா வில்லியம்ஸ் ஆவர். 1992இல் வெளிவந்த 'நோபொடி நோவெயர்' (எவருமிலர், எங்குமிலர்) என்னும் நூலில், உலகத்தோடு பழகுவதற்காகத் தாம் பூண்ட இரண்டு வேடங்களை அவர் தனித்தனிப் பெயர் கொடுத்து விவரிக்கின்றார். ஒன்று சிரித்து ஆடிப் பிறரை மகிழ்விக்கும் பெண். மற்றையது தகவல்களைத் திரட்டிக் கண்டிப்புடன் வாதிடும் ஆண். மெல்பேணில் உள்ள லா ட்ரோப் பல்கலைக்கழகத்திலே கற்ற அவர் ஓட்டிசம் என்ற சொல்லினூடாகத் தம்மை அறிந்துகொண்டது வளர்ந்த பின்னரே. அந்நூலின் 'தன்மை' இடம் நிலையான ஒன்றன்று. பேசுவது யார் என்ற கேள்வி பக்கந்தோறும் எழுகின்றது. பல்கலைக்கழகம் மதிப்பீடு செய்வது மாணவரையா, அவர் பூண்ட வேடத்தையா என்ற வினா இதனோடு இயல்பாக எழும். வேடம் சிறந்ததாயின் புள்ளிகள் கிடைக்கும். வேடத்துக்குச் செலவிடப்பட்ட ஆற்றல் எந்த மதிப்பீட்டுப் பத்திரத்திலும் பதிவாவதில்லை. சித்தியடைந்த மாணவர் இடர்ப்படவில்லை என்று முடிவுசெய்யும் வழக்கமான நிருவாக நோக்கினை இந்நூல்கள் மறுக்கும் இடம் இதுவேயாகும்.

இங்கே ஒரு கோட்பாட்டினையும் குறிப்பிடுதல் பொருந்தும். பிறர் மனத்தை அறிய இயலாமையே ஓட்டிசத்தின் மையக் குறைபாடு என்ற கருத்து 1980களின் நடுப்பகுதியிலிருந்து உளவியலிற் செல்வாக்குப் பெற்றது. தாமும் ஓட்டிசமுடையவரான பிரித்தானிய சமூகவியலாளர் டேமியன் மில்டன் 2012இல் இதற்கு மாற்றாக 'இரட்டைப் பரிவுச் சிக்கல்' என்ற கருத்தினை முன்வைத்தார். இருவரிடையே விளக்கம் முறிவடையுமாயின் அது இருபுறத்தும் நிகழும் முறிவு. ஓட்டிசமுடையவர் மற்றவரை அறியாதது போன்றே மற்றவரும் அவரை அறிவதில்லை என்பது அதன் சாரம். கோட்பாடாக 2012இல் வெளிவந்த இவ்வுண்மையை மேற்கூறிய தன்வரலாறுகள் அனுபவமாக ஏற்கெனவே பதிவுசெய்திருந்தன.

5

இதுவரை கூறியவற்றிலிருந்து, பல்கலைக்கழகம் இத்தகைய மாணவருக்கு முற்றிலும் பகையான இடம் என்று முடிவுகட்டுதல் தவறாகும். ஸ்டீபன் ஷோர் என்பவர் 2001இல் எழுதிய 'பியொண்ட் த வோல்' (சுவருக்கு அப்பால்) என்னும் தன்வரலாறு இதற்கு மறுதலையான சித்திரத்தைத் தருகின்றது. குழந்தைப் பருவத்திலே பேச்சிழந்து, பராமரிப்பு நிலையத்துக்கு அனுப்புமாறு பரிந்துரைக்கப்பட்ட அவர், பாடசாலையில் ஏளனத்துக்கு உள்ளானவர். மசச்சூசெற்ஸ் பல்கலைக்கழகத்துக்குச் சென்றபோதே தம் நாட்டங்களைப் பகிர்வோரைக் கண்டார். அங்கே மாணவர் பலர், நாட்டங்களும் பல. பாடசாலையில் விசித்திரமாகத் தோன்றியவை பல்கலைக்கழகத்தில் அவ்வாறு தோன்றவில்லை. ஒரு பொருளை ஆழ்ந்து பற்றிநிற்கும் இயல்பைக் குறையெனக் கருதாது புலமையெனப் போற்றும் நிறுவனங்கள் உலகில் மிகச் சிலவே உள. பல்கலைக்கழகம் அவற்றுள் ஒன்று. நூலகத்தின் மௌனம், நேரசூசியின் ஒழுங்கு, தான் தேர்ந்த பாடத்திலே மூழ்கும் சுதந்திரம் ஆகியன இம்மாணவருக்குப் புகலிடமாதல் கூடும். ஆகவே இந்நூல்கள் காட்டும் முரண்பாடு நுட்பமானது. அறிவை நாடும் நிறுவனம் என்ற வகையிற் பல்கலைக்கழகம் இவர்களுக்கு இயல்பான இல்லம். சமூக வாழ்வின் களம் என்ற வகையில் அதுவே அந்நிய நாடு.

இம்முரண்பாட்டினைப் பலரது குரல்களினூடாக வெளிக்கொணர்ந்த தொகுப்பு 'அக்குவாமரின் புளூ 5' ஆகும். ஓட்டிசமுடைய கல்லூரி மாணவர் எழுதிய அனுபவக் கட்டுரைகளைத் திரட்டி, தாமும் அந்நிலையுடைய மானிடவியலாளரான டோன் பிரின்ஸ்-ஹியூஸ் 2002இல் இதனை வெளியிட்டார். இதன் முக்கியத்துவம் வடிவத்திலேயே உள்ளது. தனிநூல்களின் கதைப்பின்னல் ஒன்றேயாம்: இருள், போராட்டம், ஒளி. நூல் எழுதத்தக்க நிலையை எய்தியவரே நூல் எழுதுகின்றார் ஆதலின் முடிவு முன்னரே தீர்மானிக்கப்பட்டுவிடுகின்றது. தொகுப்பு நூலிலோ தனியொரு நாயகர் இல்லை. ஒருவருக்கு உதவியது மற்றொருவருக்கு இடையூறாகின்றது. ஓட்டிசமுடைய மாணவர் என்றொரு வார்ப்பு இல்லை என்பதை வாதத்தால் அன்றி வரிசையால் அந்நூல் நிறுவுகின்றது.

அத்தொகுப்பு முன்னிறுத்தும் தடைகளின் எளிமை வாசகரைத் திடுக்கிடச் செய்வதாகும். குழல் விளக்கின் இடைவிடாத துடிப்பு. கரும்பலகையிலே வெண்கட்டி உரசும் ஒலி. பெரும்பான்மையோர் புலன்களுக்கு எட்டாத அல்லது எட்டியவுடன் மறந்துபோகும் இவை, சிலருக்கு விரிவுரை முழுவதையும் செவியினின்றும் அகற்றிவிடுகின்றன. விரிவுரையாளர் ஒரு மாணவரின் வெற்று முகத்தைக் கண்டு அக்கறையின்மை என்று கணிக்கின்றார். மாணவரோ அம்மணிநேரம் முழுவதும் ஒளியோடும் ஒலியோடும் போராடிக்கொண்டிருக்கின்றார். விளக்கை மாற்றுதல், சன்னலருகே இடமளித்தல், அறிவுறுத்தல்களை எழுத்தில் வழங்கல் ஆகியன பெருஞ் செலவு வேண்டுவன அல்ல. இத்தகைய காரணங்களாற் பல்கலைக்கழகங்கள் மாணவரை இழக்கின்றன என்ற நூலின் முறைப்பாடு அதனால் மேலும் கடுமையாகின்றது. தீர்க்கவியலாத சிக்கலுக்கு நிறுவனம் பொறுப்பன்று. எளிதில் தீர்க்கத்தக்க சிக்கலைத் தீர்க்காதிருப்பதற்கு அது பொறுப்பாகும்.

6

இவ்வெழுத்துக்களின் சிறப்பினை ஏற்றுக்கொள்ளும் அதே வேளையில் அவற்றின் வரம்புகளையும் சுட்டுதல் விமர்சனத்தின் கடமையாகும்.

முதலாவது வரம்பு சமூக அடித்தளம் பற்றியது. கிராண்டினைப் பராமரிப்பு நிலையத்துக்கு அனுப்புமாறு கூறப்பட்ட ஆலோசனையை அவரது தாயார் ஏற்கவில்லை. வசதி படைத்த குடும்பம் ஆதலின் பேச்சுப் பயிற்சியும் தனியார் பாடசாலையும் கிட்டின. அதே காலத்தில் அதே நாட்டில் வறிய குடும்பத்திலே, கறுப்பின மக்களிடையே பிறந்த குழந்தை எழுதிய நூல் எதுவும் இவ்வரிசையில் இல்லை. மேற்கூறிய ஆசிரியர் அனைவரும் ஆங்கிலம் பேசும் செல்வ நாடுகளைச் சார்ந்தவர்கள். பேச்சாற்றல் இல்லாதோரின் நிலையும் நெடுங்காலம் இவ்வெழுத்துக்குப் புறத்தேயே இருந்தது. 2022இல் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்துள்ள றொலின்ஸ் கல்லூரியிலே, வாய்மொழி பேசாத எலிசபெத் பொங்கர் என்னும் மாணவி, தாம் தட்டெழுதிய உரையைக் கணினிக் குரல்வழி வழங்கிப் பட்டமளிப்பு விழாவில் மாணவர் சார்பிற் பேசியமை அவ்வெல்லை விரிவடைவதன் அடையாளமெனலாம்.

இரண்டாவது வரம்பு ஆழமானது. இந்நூல்களிற் பெரும்பாலானவை தம் ஆசிரியரின் தனித்திறமையை எடுத்துக்காட்டி முடிகின்றன. கிராண்டின் வடிவமைத்த கால்நடைக் கையாளல் அமைப்புக்கள் உலகப் புகழ் பெற்றவை. பிரின்ஸ்-ஹியூஸின் தொகுப்பும் இம்மாணவரின் வேறுபட்ட சிந்தனை பல்கலைக்கழகத்தையும் புலமையையும் வளம்படுத்தும் என்றே வாதிடுகின்றது. இவ்வாதம் உண்மையாயிருக்கலாம், அதன் நல்லெண்ணமும் ஐயத்துக்கு அப்பாற்பட்டது. ஆயினும் அதனுள்ளே ஓர் ஆபத்து மறைந்துள்ளது. திறமையால் இடம் கோருபவர், திறமையற்றோருக்கு இடமில்லை என்ற விதியை அறியாமலே ஏற்றுக்கொள்கின்றார். சாதாரண மாணவர் எவரும் தாம் விரிவுரை மண்டபத்தில் அமர்வதற்குத் தம் மேதைமையை நிரூபிக்க வேண்டியதில்லை. இரண்டாம் வகுப்புச் சித்தியோடு திருப்தியுறும் உரிமை அவருக்கு உண்டு. ஓட்டிசமுடைய மாணவருக்கு மாத்திரம் அவ்வுரிமை ஏன் மறுக்கப்படுதல் வேண்டும்? எண்களை மின்னல் வேகத்திற் கணிக்கும் திரைப்பட நாயகனின் நிழல் இங்கு விழுந்துள்ளது என்றே கொள்ளல் வேண்டும்.

சட்டங்கள் இவ்விடயத்தில் இலக்கியத்தைவிட ஒருபடி முன்சென்றுள்ளன எனலாம். ஐக்கிய நாடுகள் சபை 2006இல் ஏற்றுக்கொண்ட வலுவிழந்தோர் உரிமைகள் பற்றிய சமவாயம் உயர்கல்வியிலும் பாரபட்சமின்மையை வலியுறுத்துகின்றது. இலங்கை அதனை 2016இல் ஏற்றுறுதி செய்தது. அதற்கு முன்னரே 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் கல்வி நிறுவன அனுமதியில் வலுவிழப்பின் காரணமாகப் பாரபட்சம் காட்டுதலைத் தடைசெய்துள்ளது. இவற்றிலே மேதைமை பற்றிய நிபந்தனை எதுவும் இல்லை. எனினும் சட்டம் பேசுவது வாயிலைப் பற்றியே. வாயிலுக்கு அப்பால் உள்ள எழுதப்படாத பாடவிதானத்தைச் சட்டத்தினால் மாத்திரம் எழுத்தில் கொணர இயலாது. அதற்கு அனுபவத்தின் சாட்சியம் வேண்டும். அச்சாட்சியத்தை வழங்குவன இத்தன்வரலாறுகளே.

7

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, இவ்வெழுத்துக்களின் நிலையான பெறுமதி அவை கூறும் வெற்றியிலே தங்கியிருக்கவில்லை என்பது தெளிவாகும். வெற்றியின் கதை வாசகரை மகிழ்வித்து அமைதிப்படுத்துகின்றது. அவரிடம் எதனையும் கோருவதில்லை. கூரைக்குச் செல்லும் கதவு, வழிதவறிய வளாகம், துடிக்கும் விளக்கு, உரசும் வெண்கட்டி ஆகிய சிறு விவரங்களோ வாசகரைத் தம் சொந்த விரிவுரை மண்டபத்தை ஏறிட்டுப் பார்க்கத் தூண்டுகின்றன. இலக்கியத் தரம் பற்றிய அளவுகோல்களை மாத்திரம் கொண்டு இந்நூல்களை அளப்போர் சிலவற்றைச் சாதாரணமானவை என ஒதுக்கக்கூடும். அனுபவத்தின் உண்மையையும் அது நிறுவனத்தின்மீது வீசும் ஒளியையும் சேர்த்து நோக்குவோர் அவ்வாறு ஒதுக்கார்.

தமிழிலே இத்தகைய எழுத்து பெருகுமாயின் அது இறக்குமதியான கோட்பாட்டின் விளைவாக அமையவேண்டியதில்லை. வகுப்பின் கடைசி வாங்கிலே தனித்து அமர்ந்து, எவரோடும் பேசாது, பரீட்சை முடிந்ததும் மறைந்துபோகும் மாணவரை அறியாத பல்கலைக்கழகம் எதுவும் இல்லை. அவர் அகங்காரி என்றோ, பயந்தவர் என்றோ, விசித்திரமானவர் என்றோ தீர்ப்பளிப்பது எளிது. அத்தீர்ப்புக்கள் யாவும் அவரைப் பற்றியவை, அவருடையவை அல்ல. அவர் எழுதத் தொடங்கும்போது பல்கலைக்கழகம் தன்னைப் பற்றி இதுவரை அறியாத சிலவற்றை அறிந்துகொள்ளும். அவ்வெழுத்து வரும்வரை விளக்கை மாற்றாமற் காத்திருத்தல் வேண்டும் என்பதில்லை.